மிளகாய்த்தூள் மணத்த துவக்கு

பஸ்சில் இருந்தபடி தொலைபேசியில் மனைவிக்கு, "இண்டைக்கு ரெண்டு துவக்கு அனுப்போணும், பெட்டி ஒட்டுற செலோரேப் முடிஞ்சுது" என்று நான் சொன்னால், முன் இருக்கையில் இருக்கும் வெள்ளைக்காரன் அசையமாட்டான். பக்கத்தில் இருக்கும் சீனாக்காரி அசையமாட்டாள். எங்கள் ஆட்களின் தலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். என் நரைத்த தலையையும் மடியில் இருக்கும் பெட்டி மட்டைகளையும் பார்த்துவிட்டு உடனே யன்னல் பக்கம் போய்விடும். எங்கள் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். அந்தச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்த சனம் நாங்கள். நானும் படுத்தவன்தான். ஆனால் நான் எழும்பிவிட்டேன். இவர்கள் மார்க்கம் நகரில் நான்கு அறை வீடு வாங்கியும் இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறார்கள்.

என் தொழிலை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கோணலாகச் சொல்லுவார்கள். நகரத்தின் கிழக்கே, கார் திருத்தும் கராஜ்களுக்கு நடுவில், பாவித்த வேட்டைத் துவக்குகளை வாங்கி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. எல்லாம் சட்டப்படி. வடக்கே காட்டுப் பக்கம் இருப்பவர்கள் இணையத்தில் படம் பார்த்து வாங்குவார்கள். வாங்குகிறவனுக்கு லைசன்ஸ் இருக்கிறதா, கைமாற்றத்துக்கு அரசாங்கம் ஓம் என்றதா என்பதெல்லாம் கடைக்காரன் பார்க்கிற வேலை. அதன்பிறகு துவக்கு என் மேசைக்கு வரும். அதைக் கட்டி, ஒரு கீறல் இல்லாமல் தபாலில் போய்ச் சேரவைப்பது என் வேலை. நான் அவனுக்குச் சம்பள ஆள் இல்லை. ஒப்பந்தக்காரன். இதைச் சிலர் வேண்டுமென்றே மறந்துபோகிறார்கள்.

ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கே வந்து கோப்பை கழுவினேன், மீன் வெட்டினேன், தளபாடக் கடையில் பெட்டி கட்டினேன். பிறகு அஜின்கோர்ட்டில் எனக்கென்று பெட்டி கட்டும் கடை போட்டேன். பிள்ளைகள் படித்து முடிந்ததும் அதை விற்றேன். அங்கே பிடித்த துவக்கு வேலையை மட்டும் விடவில்லை. அந்த வேலை வந்த புதிதில், துவக்கைத் தொடுவதற்கே லைசன்ஸ் வேண்டும் என்றார்கள். வகுப்புக்குப் போனேன். என்னோடு சோதனைக்கு வந்த பட்டதாரிப் பெடியன் ஒருவன் துவக்கின் வாயை வாத்தியாரின் வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு கேள்விக்குப் பதில் சொன்னான். அவன் பெயில். நான் முதல் தரமே பாஸ். அந்த லைசன்ஸைப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவோம் என்று வீட்டில் சொன்னேன். "சாமிப் படத்துக்குப் பக்கத்திலை இடமில்லை" என்றாள் மனைவி.

துவக்குக் கட்டுவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தரம் கட்டிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் பாரம், மறு பக்கம் கூர். பெட்டியைத் தபால்காரன் நட்டுவைத்தால் பாரமான பக்கம் கீழே போகும், சரித்துப் போட்டால் மூக்கு மட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். விசைக்குப் பூட்டுப் போட வேண்டும். பின்னால் இழுத்துத் தள்ளும் இரும்பைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது துவக்கென்று ஒரு அடையாளமும் இருக்கக்கூடாது. இத்தனை வருசம் துவக்கு விற்கிற கடைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? மான்தலை போட்ட தன் கடை லேபிளை, அழகாக இருக்கும் என்று பெட்டிக்கு மேலே ஒட்ட வந்தான். பறித்துக் குப்பையில் போட்டேன். வியாபாரி!

உள்ளே திணிப்பதற்கு எல்லோரும் வெள்ளைப் பஞ்சுக் கட்டிகளைக் கொட்டுவார்கள். பாரமான சாமான் அதுக்குள்ளே தண்ணீரில் கல் போலத் தாழ்ந்து அடிக்குப் போய்விடும். கசக்கிய தடித்த கடதாசிதான் சரி. அது பிடித்தால் பிடித்ததுதான். அந்தக் கடதாசிக்கு எனக்கு வீட்டிலேயே வழி இருந்தது. என் மனைவி கராஜுக்குள் அடுப்பு வைத்துச் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் இடித்து விற்கிறவள். வறுத்ததைக் கொட்டி ஆறவைக்க மண்ணிறக் கடதாசியை நீளத்துக்கு விரிப்பாள். ஆறியதும் கடதாசியை எறிந்துவிடுவாள். நல்ல கடதாசியை எறிவதற்கு எனக்கென்ன பைத்தியமா? உதறி எடுத்துக்கொண்டு போவேன். கடையின் பின்னறையில் கடைக்காரன் அடிக்கடி தும்முவான். அவனுக்குத் தூசி ஒத்துக்கொள்வதில்லை என்று நினைத்திருந்தேன்.

இனி மருமகனிடம் வருகிறேன். கணினிப் பொறியியலாளர். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு. வீட்டிலிருந்தே வேலை, மேலே சேர்ட், கீழே அரைக் காற்சட்டை. அந்த வீட்டு வாசலில் ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டி வந்து கிடக்கும், அதைக் கார்ச் சாவியால் குத்திக் கிழித்துத்தான் திறப்பார். பெட்டியை எந்தப் பக்கத்தால் திறப்பது என்று தெரியாத மனிதருக்கு நான் பெட்டி கட்டுவது வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொடங்கினார்.

"மாமா, உங்களுக்கு உந்த வேலை தேவையே? ஃபிரெண்ட்ஸ் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஏன் தம்பி, களவெடுக்கிறன் எண்டு சொல்லும். அது மரியாதையாய் இருந்தால்."

"அதில்லை மாமா. இந்த வயசிலை ரெஸ்ட் எடுக்கோணும். கீழை பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. ரீவி இருக்கு, பாத்ரூம் இருக்கு."

"மறியற்சாலையிலையும் அதெல்லாம் இருக்கு."

மகள் சிரித்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் சிரிக்கத் தெரியும். மருமகன் விடவில்லை. "ஒரு நாளைக்கு ஏதும் பிழைச்சால்? ஒரு துவக்கு எங்கையும் மாறிப் போனால்?" என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன்.

"நான் கட்டின பெட்டி ஒண்டு, ஒரே ஒண்டு, திரும்பி வரட்டும் பாப்பம். அண்டைக்கே வேலையை விட்டிட்டு வந்து உம்மடை பேஸ்மென்றிலை இருக்கிறன்."

சொன்னது சொன்னதுதான். என் வாயில் வந்ததை நான் மாற்றியது கிடையாது. மனைவி மட்டும் காரில் வரும்போது, "இஞ்சரப்பா, உந்த வாய்க்கும் ஒரு பூட்டுப் போடுங்கோவன்" என்றாள்.

இலை உதிர்கிற நேரம் கடைக்காரனிடமிருந்து தொலைபேசி வந்தது. அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் போடுகிறேன்.

"வடக்கே போன அந்த மரப்பிடித் துவக்கை என்ன செய்து அனுப்பினாய்? வாங்கினவன் பெட்டியைத் திறந்து, பிடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தானாம். கன்னம் எரிகிறதாம், கண்ணால் தண்ணீர் ஓடுகிறதாம். துவக்கு முழுக்க மணம் என்கிறான்."

"என்ன மணம்?"

"உன் மணம்" என்றான்.

இப்படியான கதைக்குப் பதில் சொல்லி என் நேரத்தை வீணாக்குகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் அவன் மிச்சத்தையும் சொன்னான். வாங்கினவனுக்கு மூஸ் வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மூஸ் என்பது மாட்டைவிட உயரமான மான். அதை வேட்டையாட விரும்புகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் அனுமதி கொடுப்பார்கள். இவனுக்குப் பல வருசம் காத்திருந்து இந்த முறைதான் விழுந்ததாம். மூஸுக்கு மூக்கு வலு கூர்மை. வேட்டைக்காரர் மணமில்லாத சவர்க்காரத்தில் குளித்து, உடுப்பை மரத்தில் காயப்போட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள். "வேட்டை பிழைத்தால் அவன் அதைத் திருப்பி அனுப்புவான். திருப்பி அனுப்பினால் நான் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்" என்றான் கடைக்காரன்.

மனைவிக்குச் சொன்னேன். அவள் மகளுக்குச் சொன்னாள். மகள் யாருக்குச் சொல்லியிருப்பாள் என்று கேட்கத் தேவையில்லை. அந்தக் கிழமையே ஸ்ரௌவ்வில் பேஸ்மென்றுக்குச் சாய்ந்து படுக்கிற கதிரை ஒன்று வந்து இறங்கியது. பொத்தானை அமத்தினால் காலைத் தூக்கிவிடும், முதுகைச் சரித்துவிடும், சூடு பிடிக்கும். மருமகன் படம் எடுத்து அனுப்பினார். "மாமா, உங்களுக்குத்தான்." பார்த்தேன். சவப்பெட்டிக்கு மெத்தை போட்டு மின்சாரம் கொடுத்தது போல இருந்தது. மனைவியைத் தூள் இடிக்கவும் விடாமல், என்னையும் அதில் படுக்கவைத்து, பின்னேரம் முழுக்க சீரியல் பார்க்கவைத்துவிட்டால் இவருடைய மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும். உலகத்தில் எத்தனையோ விதமான படிப்பு இருக்கிறது. பெரியவர்களைப் பொதிசெய்வது எப்படி என்று ஒரு படிப்பும் இருக்கிறது போல.

பயப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நாளும் கடைக்குப் போனதும் முதலில் தபால் வந்திறங்கும் மூலையைத்தான் பார்த்தேன்.

தபாலில் ஒன்றும் வரவில்லை. ஆள் வந்தான். ஒரு நாள் மத்தியானம் நான் பின்னறையில் கட்டிக்கொண்டு நிற்கும்போது கடைக்காரன் கூப்பிட்டான். வாசல் நிறைந்த உயரத்தில் ஒரு வெள்ளைக்காரன். சிவப்புத் தாடி. தோளில் துணி உறைக்குள் அந்தத் துவக்கு.

"இதைக் கட்டினவன் நீயா?"

"நான்தான். கீறல் இருந்ததா?"

"இல்லை."

"உடைந்ததா? ஆடினதா?"

"இல்லை. ஆனால் மணத்தது. மூஸ் என்னைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டு ஓடிவிட்டது."

"மூஸ் வந்து சொன்னதா?"

கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. "காட்டுக்கு எத்தனை பேர் போனீர்கள்?"

"ஆறு பேர்."

"மிளகாய் மணத்தது எத்தனை பேர்?"

"நான் மட்டும்."

"மற்ற ஐந்து பேரும் எத்தனை மூஸ் கொண்டுவந்தார்கள்?"

தாடிக்காரன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். "ஒன்றும் இல்லை" என்றான்.

"அப்போ அவர்களில் என்ன மணத்தது?"

கடைக்காரன் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த கோப்பி சரிந்தது. தாடிக்காரன் சிரிக்கவில்லை. அவன் உறையைத் திறந்து துவக்கை மேசையில் வைத்தான், தும்மினான், அந்தத் தும்மலே போதும் என்பதுபோலக் கடைக்காரனைப் பார்த்தான். கடைக்காரனுக்கு வியாபாரம் தெரியாவிட்டாலும் ஆளைச் சமாளிக்கத் தெரியும். சுவரில் இருந்த இன்னொன்றைக் காட்டி, அதற்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, கையெழுத்து வேலைகளைத் தொடங்கினான். அவன் உள்ளே போன நேரம் பார்த்து நான் தாடிக்காரனிடம் மெல்லக் கேட்டேன்.

"என் பெட்டி எங்கே?"

"எந்தப் பெட்டி?"

"இந்தத் துவக்கு வந்த பெட்டி. உள்ளே இருந்த கடதாசி."

"அதுவா? முதல் நாள் இரவு நாங்கள் தங்கின காட்டுக் கொட்டிலில் அடுப்பு மூட்ட எல்லாவற்றையும் போட்டோம். நன்றாகப் பிடித்தது. ஆனால் அந்தப் புகை இருக்கிறதே..." அவன் தாடியைத் தடவினான். "ஆறு பேரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். உடுப்பெல்லாம் அந்தப் புகைதான். ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை."

அப்போ மற்ற ஐந்து பேரிலும் என்ன மணத்தது என்பது எனக்கு விளங்கியது. அதை நான் மேற்கொண்டு கிளறவில்லை. "விறகு ஈரமாக இருந்திருக்கும்" என்றேன். அவன் ஓம் என்று தலையாட்டினான். வேட்டைக்காரனாம்!

அவன் போனபிறகு கடைக்காரன் ஒரு புதுக் கடதாசி உருளையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான். "இனி இதைத்தான் பாவிக்க வேண்டும்."

"உன் கடதாசி, உன் செலவு. எனக்கென்ன" என்றேன். வேறு ஆள் பார்க்கிற கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வேறு ஆள் எங்கே இருக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் மருமகன் கோழிக்கறியைப் பரிமாறியபடி ஆறுதல் சொல்லுகிற குரலில் தொடங்கினார்.

"மாமா, துவக்குத் திரும்பி வந்திட்டுது எண்டு கேள்விப்பட்டன். பரவாயில்லை. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"துவக்கு வந்தது, தம்பி. நான் என்ன சொன்னனான்?"

"திரும்பி வந்தால் விடுறன் எண்டு..."

"எது திரும்பி வந்தால்?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பெட்டி. அப்பா பெட்டி எண்டுதான் சொன்னவர்" என்றாள். "ஓ மை கோட், அப்பா!"

"பெட்டி வரேல்லை. காட்டிலை எரிஞ்சு போச்சு. எரிஞ்ச பெட்டி திரும்பி வந்ததாய் ஆரும் கேள்விப்பட்டதே?"

"மாமா, அது சும்மா சொல்லை வைச்சுக்கொண்டு கதைக்கிற கதை."

"ஓம் தம்பி. சொல்லை வைச்சுத்தானே கதைக்கிறது. வேறை எதை வைச்சுக் கதைக்கிறது?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இனிமேல் என்ரை கடதாசியைத் தொடாதையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அதுவும் மருமகனுக்குக் கேட்கத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கீழே பேஸ்மென்றுக்குப் போனேன். கதிரை நடுவில் நின்றது. நான் அதைத் தொடவில்லை. சுவரோடு அது வந்த பெட்டி சாத்திக் கிடந்தது. இரட்டை மட்டை. தட்டிப் பார்த்தேன். பலகை மாதிரிச் சத்தம். ஒரு பக்கத்தில் கார்ச் சாவியால் கிழித்த காயம், மற்றபடி புதிது. அடுத்த நாள் அதே மரப்பிடித் துவக்கு, துடைத்து எண்ணெய் பூசி, கிழக்கே வேறொருவனுக்குப் போக இருந்தது. அதற்கு அளவாக வெட்ட இதைவிட நல்ல மட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது.

பெட்டியை மடித்துக் காரில் ஏற்றும்போது மருமகன் வாசலுக்கு வந்தார்.

"மாமா, அது கதிரையின்ரை பெட்டியெல்லே? கதிரையைத் திருப்பி அனுப்பிறதெண்டால் தேவைப்படும்."

"திருப்பி அனுப்பாதையும்" என்றேன். "நீர் இருந்து பாரும். உமக்கு அளவாய்த்தான் இருக்கு."