தலைவர் படுத்த ரோடு

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் என் மீசையைப் பார்த்து நடுங்காத ஆள் கிடையாது. இது பொய். எங்கள் தெரு நாய்கூட என்னைப் பார்த்து எழுந்து நிற்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பல்லி மேலே விழுந்ததற்கு நான் போட்ட கூச்சலை இன்னமும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் மீசை நிஜம். படிப்பு ஏறாத எனக்கு அதுதான் சோறு போட்டது. எங்கள் தலைவருக்குப் பின்னால், இப்போதுதான் யாரையோ அடித்துவிட்டு வந்தவன் போல நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் மைக்கில் ‘உயிரே போனாலும்’ என்று சொல்லும்போது நான் மீசையைத் தடவ வேண்டும். உயிரை விடுவதில் தலைவருக்கு ரொம்ப ஆசை, மைக்கில் மட்டும்.

மறியலுக்கு ஒரு முறை இருக்கிறது. முந்தின நாளே போலீசுக்குத் தகவல் போய்விடும். தலைவர் செருப்பைக் கழற்றுவார், வாட்சையும் போனையும் என்னிடம் கொடுப்பார், துண்டை ரோட்டில் விரித்துப் படுப்பார். முதுகு சூடாவதற்குள் போலீஸ் தூக்கிவிடும். “தலைவர் மேல கைய வைக்காதே” என்று கத்திக்கொண்டே வேன் கதவை நான்தான் திறந்துவிடுவேன். அப்புறம் கல்யாண மண்டபம், லெமன் சாதம், ஃபேனுக்குக் கீழே தூக்கம். பொழுது சாய விட்டுவிடுவார்கள்.

சுண்ணாம்புக்கல் லாரி எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற ரோட்டில், கொஞ்சம் தள்ளி ஒரு ஊர். அங்கே லாரிப் புழுதியில் வீடு, மாடு, இட்லி எல்லாம் ஒரே நிறம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் புருஷன் காலில் லாரி ஏறிவிட்டது. முட்டிக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. தலைவர் அவள் வாசலிலேயே மைக் போட்டார்.

“இனிமே இந்த ரோட்டுல ஒரு லாரி ஓடாது. தெனமும் படுப்பேன். சக்கரம் மொதல்ல என் நெஞ்சுல ஏறட்டும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. என் பக்கத்தில் வந்து, “எப்பண்ணே வந்து படுக்கணும்?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் மீசையைத் தடவி அதை மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தலைவர் படுத்தார். போலீஸ் வரவில்லை. பெரம்பலூருக்கு மந்திரி வருகிறார் என்று எல்லா வேனும் அங்கே போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. தலைவர் தலையைத் தூக்காமல் உதட்டோரமாகக் கேட்டார்.

“வேன் வருதாடா?”

“இல்லண்ணே.”

“நல்லாப் பாரு.”

“புழுதிதாண்ணே வருது.”

புழுதிக்குள் லாரி இருந்தது. அதற்குள் அந்தப் பெண் வந்து, சேலையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தலைவருக்குப் பக்கத்தில் படுத்துவிட்டாள். ஹாரன் அடித்தது. வேகம் குறையவில்லை.

தலைவர் எழுந்தார். “பெரிய அதிகாரி லைன்ல இருக்காரு” என்று என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றினார். போன் அடிக்கவே இல்லை. என்னிடம்தானே இருந்தது.

நான் ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் வாட்சுமாக நின்றேன். “எந்திரிம்மா” என்றேன். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். காலுக்கு அடியில் ரோடு அதிர்ந்தது.

லாரி நின்றது. அதன் நிழல் அவள் இடுப்பு வரைக்கும் விழுந்திருந்தது. டிரைவர் இறங்கவில்லை, திட்டவுமில்லை. ஜன்னலில் தலையை நீட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“நான் இந்தப் பக்கத்து ஆளு, நிறுத்திட்டேன். இனிமே வெளியூர் ஆளுங்க ஓட்டப்போறாங்க. ஒரு நடைக்கு இவ்வளவு கூலின்னு பேச்சு, எத்தனை நடையோ அத்தனை காசு. பிரேக்குல கால் வைக்க மாட்டானுங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வைங்க.”

தலைவர் காரிலிருந்து இறங்கி வந்து லாரிக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார். ‘லாரியை நெஞ்சால் மறித்த சிங்கம்’ என்று வாட்ஸ்அப் முழுக்க அதுதான். பின்னால் நானும் முறைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் சேலைத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“பாத்தீங்களாண்ணே, நின்னுடுச்சு. தலைவரு சொன்னா சொன்னதுதான்.”

“இனிமே அவருக்கு வேற ஊர்ல எல்லாம் கூட்டம் இருக்கும்மா.”

“அவரு மெல்ல வரட்டுங்க. நான் முன்னாடியே வந்து படுத்துக்கறேன்.”

அப்புறம் கொஞ்ச நாள் லாரியே ஓடவில்லை. கல் வெட்டுகிற இடத்தில் மெஷின் ரிப்பேர். தலைவர் உடையார்பாளையம் கூட்டத்தில், தனக்குப் பயந்துதான் லாரி நின்றது என்றார். நான் வழக்கம்போல மீசையைத் தடவினேன். கீழே முன்வரிசையில் உட்கார்ந்து அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்றிலிருந்து லாரிகள் மறுபடியும் ஓடுகின்றன. டிரைவர்கள் எல்லாம் புது முகம். அந்த அதிர்வில் எங்கள் வீட்டுத் தட்டு, டம்ளர் எல்லாம் தானாகவே நகர்கின்றன. மனது கேட்காமல் நேற்றே கடைத்தெருவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். வேன், மண்டபம், அடிக்காத போன், அந்த டிரைவர் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு. “தலைவரு படுத்தது எப்படின்னா” என்று ஆரம்பித்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு…

என் வீட்டுக்காரி வாசலிலிருந்து கூப்பிடுகிறாள்.

“ஏங்க, எழுதுனது போதும், எந்திரிச்சு வாங்க. அந்தப் பொண்ணு ரோட்டுல தனியாப் படுத்துருக்காம். தலைவரு போனே எடுக்கலையாம். அவ புருஷன் உங்களத்தான் வரச் சொல்லி ஆள் அனுப்பிருக்காரு. வாங்க, லாரி நம்ம வூட்டத் தாண்டிப் போயிடுச்சு.”