முங்கும் பஞ்சு

படகு துறையைத் தொட்டதும் ஸிக்னி கேட்பது மீனையல்ல. "சட்டையக் கழட்டு" என்பாள். மிதவைச் சட்டையில் ஒரு கருங்கல்லைக் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு மீனறுக்கப் போய்விடுவாள். காப்பிக்கு எழுந்து வரும்போது அது முங்கியிருந்தால் கயிற்றை இழுத்து மேலே போட்டு, அறுக்கும் கத்தியாலேயே வயிற்றைக் கிழிப்பாள். நனைந்த இலவம்பஞ்சு கறுத்துப்போய் வெளியே சரியும்.

"அடிப்பாவி, நல்ல சட்டையாச்சே!" என்று அலறுவான் சட்டைக்கார மீனவன்.

"ஒன்னைக் கிழிக்கலேன்னு சந்தோசப்படு. பஞ்சா மிதக்குது? அதுக்குள்ள இருக்கிற காத்துதான் மிதக்குது. உறை கிழிஞ்சா காத்து இருந்த எடத்துல தண்ணி வந்து குந்திக்கும்."

சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிய கப்பல் தொலைவில் போனால் கத்தியாலேயே சுட்டிக்காட்டுவாள். "பாரு, மலை கணக்கா இரும்பு போவுது. அடியில அவ்வளவும் காத்தடைச்ச கூடு. அது மிதக்கும். எம் புருசன் முங்குவான்."

அவள் கணவன் ஐனார், ரோல்ஃப் பாக்கெயின் படகில் போனவன். நவம்பர்ப் புயலில் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைக் கட்டிக்கொண்டு ரோல்ஃப் பிழைத்தான். சட்டையை ஒழுங்காகக் கட்டியிருந்த ஐனார் அவன் கண்ணெதிரே மெல்ல மெல்ல உள்ளே போனான். சட்டைகள் பழசாகிவிட்டன என்று ஐனார் சொன்னபோது, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றவன் ரோல்ஃப்.

உடலும் கிடைக்கவில்லை. அந்தக் குளிரில் பிணம் ஊதாது, ஊதாதது மேலே வராது என்று தேடப் போனவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏரி உறையும்வரை அவள் கரையிலேயே நடந்தாள். அதற்குப் பிறகு நாளெல்லாம் ஹெர்ரிங் மீனை அறுத்தாலும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை.

படகு கவிழ்ந்த நாள்முதல் அவள் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்த ரோல்ஃப், இந்த மே மாதம் கை நிறையப் புதுச் சட்டைகளோடு மீன்கொட்டகைக்கு வந்து நின்றான்.

"பஞ்சில்ல, ஸிக்னி. ரப்பர் மாதிரி கெட்டி நுரை. கிழிஞ்சாலும் ஊறாதாம். நீயே தண்ணில போட்டுப் பாரு."

ஒன்றை வாங்கிக் கல்லைக் கட்டி விட்டாள். கொட்டகையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சட்டை கல்லைச் சுமந்துகொண்டு அலைமேல் ஆடியது, நெடுநேரம் ஆடியது.

"மிதக்குது பாத்தியா!" ரோல்ஃபின் கண் கலங்கியிருந்தது.

"மிதக்குது. இப்ப மிதக்குது."

நீர் சொட்டச் சொட்ட அதை எடுத்து அவன் தலைவழியே மாட்டினாள். செதில் ஒட்டிய விரல்களால் ஒவ்வொரு வாராக முடிந்தாள். கடைசி வாரை, அவனுக்கு மூச்சு முட்டும்வரை இழுத்தாள், விடவில்லை.