கிணற்றுக்கு விசிறிய நாள்

நகரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். என் நைனாவுக்கு எல்லைப் பேச்சு கிடைத்தால் சோறு வேண்டாம். "போதும், வாய மூடு" என்பதைத்தான் அம்மா அவரிடம் அதிகம் சொல்லியிருப்பாள்.

அந்தக் கோடையில், வருஷக்கணக்காக இறைக்காமல் கிடந்த கொல்லைக் கிணற்றைத் தூர்வார நைனா கிளம்பினார். அம்மா அவரைத் தடுத்து, அரிக்கேன் விளக்கை ஏற்றி முதலில் உள்ளே இறக்கினாள். பாதி ஆழத்தில் அணைந்துபோயிற்று. திரியில்தான் கோளாறு என்றார் நைனா. மறுபடி ஏற்றி இறக்கினாள், மறுபடியும் அணைந்தது. கெட்ட காற்று என்று அம்மா அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நடந்தது நல்ல வேடிக்கை. சித்தப்பா புங்கங்கிளைகளைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, கிணற்றுக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். கிணற்றுக்கு வியர்க்கிறதா என்று கேட்டு நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவழியாக விளக்கு அணையாமல் அடிவரை போனது. நைனா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்.

அம்மா குனிந்து கத்தினாள். "பேசிக்கினே இரு! நிறுத்தாதே!"

"இன்னாத்த பேசறது?"

"அந்த பார்டர் கதைய சொல்லு!"

நைனாவுக்குக் கேட்கவா வேண்டும்! சேற்றை வாரியபடியே இரண்டு சர்க்காரையும் கிழித்துத் தொங்கவிட்டார். "அப்புறம்? அப்புறம்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் பேச்சு நின்றது. அம்மா அலறினாள், சித்தப்பா கயிற்றை இழுத்தார்.

"எச்சி கூட முழுங்கக் கூடாதா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

மேலே வந்தவரின் உடம்பெல்லாம் பச்சைப் பாசி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

திருப்பதியில் காலேஜ் படிக்கும்போதுதான் தெரிந்தது, இந்தப் பூமியே ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கிணறாக இருந்தது என்று. எரிமலைகள் கக்கிய நீராவியும் கரியமில வாயுவும்தான் எங்கும். விளக்கு ஏற்றினால் நின்றிருக்காது. ஆவி மழையாகிக் கடலானது. கடலில் பாசியின் மூதாதைகள் வெயிலைக் குடித்துப் பிராணவாயுவை விட்டன. தண்ணீரிலிருந்த இரும்பு அதை வாங்கித் துருவேறியது போக மிஞ்சியதுதான், கோடிக்கணக்கான வருஷங்களில் காற்றில் சேர்ந்து நமக்கு மூச்சானது. அன்று முதல் பாசியைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. கூடவே அம்மாவையும்.

கிணறு தூர்வாரிய அன்று சாப்பிடும்போது, நைனா விட்ட இடத்திலிருந்து எல்லைக் கதையைத் தொடர்ந்தார். அம்மா வாயை மூடச் சொல்லவில்லை. சோறு ஆற ஆற, அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லை விவகாரத்தில் ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.