மாஸ்டரின் முன்பல்

நூலைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கப் போனவர், பல் விண்டிருப்பது ஞாபகம் வந்து, திறந்த வாய் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் கத்தரி கிடக்கிறது. ஆனால் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நூலறுக்க அவர் கத்தரியைத் தொட்டதே இல்லை. பெரிய துணிக்கடையின் மாடியில், ஆல்டரேஷன் பிரிவில் பேண்ட் நீளம் குறைப்பதும் சட்டை இடுப்பைப் பிடிப்பதும் அவர் வேலை. கடையில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

மாஸ்டரிடம் ஒரு வீம்பு உண்டு. மிச்சத் துணியை வெட்டவே மாட்டார். எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். கணுக்காலில் கனமாகத் தொங்குகிறது, வெட்டிப் போடுங்கள் என்று யாராவது சலித்துக்கொண்டால் ஒரு விரலை உயர்த்துவார். "இருக்கட்டும் சார். உள்ள மடிச்சு வெச்சிருக்கேன். வெட்டிட்டா அப்புறம் அதுக்கு நான் எங்க போறது?" பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் முதலாளியிடம் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இந்தச் சோதனை. முன்பல்லில் குறுக்கே ஒரு விரிசல். தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. கடையில் இந்த வருஷம்தான் எல்லோருக்கும் பல் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தார்கள் என்பதால் முதலில் தெம்பாகத்தான் இருந்தார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் திட்டத்தைப் படிக்கிற வரைக்கும். பல்லைச் சுத்தம் செய்தால் முழுச் செலவும் காப்பீட்டுக்காரர்கள் பாடு. பிடுங்கினாலும் முழுச் செலவு. ஆனால் விரிசல் விட்ட பல்லுக்கு உறை போட்டுக் காப்பாற்றினால் பாதிதான். அதுவும் திட்டத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான்.

மாஸ்டர் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தாள். நம்பிக்கையில்லாமல் தாமே வாங்கிப் படித்தார். அப்படியேதான் இருந்தது.

"என்னங்க, எனக்கும்தான் தல சுத்துது. பேசாம போன் போட்டு அவங்களையே கேளுங்க."

போனில் வந்த பெண் பொறுமைசாலி. பிடுங்குவது சாதாரண சிகிச்சை, உறை பெரிய சிகிச்சை என்றாள். பிடுங்கின இடத்தில் புதுப் பல் கட்டினால்? அதுவும் பெரிய சிகிச்சை, அதற்கும் ஒரு வருஷம். சரி, ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டால்? இருக்கலாம், பல் இருக்குமா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏம்மா, நான் தையக்காரன், எனக்குத் தெரிஞ்ச மாதிரி கேக்குறேன். கிழிஞ்சத தச்சா காசு கிடையாது. துணியையே வெட்டிப் போட்டா முழுக் காசு. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்றாள், பாவம்.

அதன் பிறகு மாஸ்டர் கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். ஆளுக்கொரு யோசனை. இலவசம்தானே, முதலில் சுத்தம் பண்ணிப் பாருங்கள், விரிசல் அழுக்காகக்கூட இருக்கலாம் என்று கேஷியர் அடித்துச் சொன்னார். மாஸ்டரும் நம்பிப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். விரிசல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கடைசியில் வலி தாங்காமல், பிடுங்கித் தொலைத்துவிடலாம் என்று முடிவானது. மறுநாளே அதே ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "வேர் நல்லா இருக்குங்க. உறை போட்டா ரொம்ப நாள் வரும், ஆனா இப்ப முழுச் செலவும் உங்களோடது. பிடுங்கினா செலவே இல்ல. என்ன செய்யலாம்?" என்றார்.

வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை மாஸ்டர் ஒப்பித்தார். "பிடுங்கிடுங்கம்மா."

டாக்டரம்மா மரத்துப்போகும் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தார். மாஸ்டர் ஒரு விரலை உயர்த்தினார். ஏதோ கேட்கப் போகிறார் என்று டாக்டரம்மா ஊசியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். மாஸ்டர் எதையும் கேட்கவில்லை. மேலுதட்டை மெதுவாக உள்ளே மடித்து, அந்தப் பல்லை மூடிக்கொண்டார்.