முளை விடாத இடப்பக்கம்

அக்காவுக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவு என்ன முடிவு, நான் தருகிறேன் என்றேன், அக்கா வேண்டாம் என்றாள், அம்மா அழுதாள். அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா காலமாகிவிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா மாப்பிள்ளையூரணியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டாள். நான் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறேன். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வாரம் மூன்று நாள் அவளைப் பைக்கில் கூட்டிப்போவேன். சிறுநீர் பிரியாததால், இந்த ஊர் வெயிலிலும் அவளுக்கு அளந்துதான் தண்ணீர். நானும் அம்மாவும் அடுப்படிக்குள் போய் நின்று, அவள் பார்க்காமல் குடிப்போம்.

தானம் கொடுக்கிறவனுக்கு முதலில் ஸ்கேன். ஸ்கேன் எடுக்கிற பெண் என் இடது விலாவின் கீழ் கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். புரண்டு படுக்கச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள்.

"இடது பக்கம் ஆபரேஷன் ஏதும் பண்ணிருக்கீங்களா?"

"இல்லையே, மேடம்."

அவள் எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். எனக்கு இடது சிறுநீரகம் இல்லை. பிறக்கும்போதே இல்லை. கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு அலைந்த இத்தனை வருஷமும் ஒன்றோடுதான் ஓடியிருக்கிறேன்.

அம்மாவையும் உட்காரவைத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"கரு உண்டான அஞ்சாவது வாரம் வாக்கில ஒரு சின்னக் குழாய் முளை விடும். பக்கத்துலயே மூல செல்கள் கூட்டமா நிக்கும். மரபணுக்கள் சைகை கொடுக்கக் கொடுக்க, அந்த முளை செல் கூட்டத்துக்குள்ள போய்க் கிளை கிளையாப் பிரியும். ஒவ்வொரு நுனியிலயும் ரத்தத்தை வடிகட்டுற பாகம் உருவாகும். தம்பிக்கு இடப்பக்கம் அந்த முளை சரியா வரலை."

"மவளுக்கு?" என்றாள் அம்மா.

"அவங்களுக்கு ரெண்டு பக்கமும் வந்திருக்கு. ஆனா மூல செல்கள் போதுமான அளவு பெருகலை. அந்த செல்லெல்லாம் பிள்ளை பிறக்கிற சமயத்தோட தீர்ந்துபோகும். அதுக்கப்புறம் புதுசா வடிகட்டி உருவாகாது. குறைச்சலா இருந்ததை வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுக் குறையா இருக்கலாம். டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்."

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "சாத்தான்குளத்துல இருக்கும்போது தண்ணிக்கு எவ்வளவு தூரம் போவேன் தெரியுமா டாக்டர். இந்தப் பிள்ளைகள வயித்துல சொமந்துக்கிட்டே கொடம் கொடமாத் தூக்கினேன்."

"அதனால இல்லம்மா. அந்த முளை விடுற வாரத்துல நீங்க உண்டாயிருக்கிறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாட்டியும் என் வயித்துக்குள்ளதானே டாக்டர் நடந்துச்சு."



அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தேன். சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "ஏலே, நீயே ஒத்தையோட திரிஞ்சிருக்கே. நீ எனக்குக் குடுக்க வந்தியாக்கும்?" பிறகு என் சட்டையை விலக்கி இடது இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். வெளியே என்ன தெரியப்போகிறது? கையை எடுக்காமல் அழுதாள். தனக்காக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இறந்தவர்களிடமிருந்து உறுப்பு கிடைக்கும் என்று பதிந்துவைத்தோம். போன் வரவே இல்லை. ஒரு மழைக்காலக் காலையில் மூச்சுத் திணறிய அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மதியத்துக்குள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி, மனைவி உண்டானாள். டாக்டரம்மா சொன்னபடி ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் சிறுநீரகங்களை விசேஷமாகப் பார்த்தார்கள். இரண்டும் இருந்தன. வாசலில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யம்மா, ரெண்டும் இருக்காம்."



"அவளுக்கும் ரெண்டும் இருந்துச்சேலே" என்றாள்.

பிள்ளை பிறந்து இப்போது தவழ்கிறது. டாக்டரம்மாவிடம் தவறாமல் காட்டிவருகிறோம். இதுவரை குறை ஒன்றும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும் அம்மா, நாங்கள் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.