மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தபோது

காரைக்குடிக் கல்லூரியில் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய அறநெறித் தத்துவத்தைப் பாடம் நடத்தியவர், எழுபதுகளில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். எதற்கும் பதில் சொல்லுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார்.

என் தம்பிக்குப் பெண் கொடுக்க இருந்த கீழச்சிவல்பட்டிக்காரர்கள், வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். இவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "குடிப்பாரு" என்றார். சம்பந்தம் நின்றுபோனது.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல, சார்?" என்று சண்டைக்குப் போனேன்.

மறுபடி துடைத்தார். "நாளைக்கு உங்க மகளுக்கு விசாரிக்கப் போவீக. அங்குட்டு எல்லாரும் இப்படி மறைச்சா ஒத்துக்குவீகளா?"

பின்னாளில் மகளுக்கு வரன் பார்க்கப் போன ஊரிலெல்லாம், மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் அவரைப்போல் ஒருவர் இருக்கமாட்டாரா என்று தேடினேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மட்டும் இன்றுவரை நினைத்ததில்லை.