சிங்கப்பூர் வழியில் ஒரே ஒரு சீட்டு

என் அம்மா கொளஞ்சியம்மாள் வாய்க்கால் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் திருப்பின ஆளை மூன்று தெரு கேட்கும்படி திட்டியவள். கச்சிராயபாளையத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவளை ஒருத்தி நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது 1987இல். என் தம்பி ஜெயப்பிரகாஷ் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இன்ஜினியர். அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை. பேறுகாலம் பார்க்க அம்மாதான் போக வேண்டும். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சேற்றில் நின்று நின்று இரண்டு முட்டியும் போய்விட்டன. இங்கிலீஷ் என்றால் ‘பஸ்’, ‘டிக்கெட்’, அவ்வளவுதான்.

தம்பி மண்டையை உடைத்துக்கொண்டு அவளுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தான். சிங்கப்பூரில் இறங்கி, ஒரு ராத்திரி ரூமில் காலை நீட்டிப் படுத்துவிட்டு, மறுநாள் கிளம்பலாம். அங்கே கூட்டிப்போக ஒரு தமிழ்க்காரரிடம் சொல்லி வைத்திருந்தான். விமானத்தில் நடக்கிற வழி ஓரமாகச் சீட்டு. எழுந்து கக்கூஸ் போக யாரையும் தாண்ட வேண்டாம். அரிசி மில் போனில் அவன் சொல்லச் சொல்ல, அம்மா கல்யாண மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் ராணியம்மாள் வந்து சேர்ந்தாள். எங்கள் கொல்லையை ஒட்டித்தான் அவள் கொல்லையும். அம்மாவைவிடச் சின்னவள், அம்மா அவளை வாடி போடி என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகன் அரங்கநாதனும் என் தம்பி இருந்த ஊரில்தான் வேலை பார்த்தான். அவனை அங்கே இழுத்துக்கொண்டுபோய் விட்டதே என் தம்பிதான். மகனைப் பார்க்கப் போகிற ராணியம்மாளுக்கு வேறு வழியில் டிக்கெட் போட்டிருந்தார்கள். பம்பாய், லண்டன், நியூயார்க் என்று மூன்று இடத்தில் இறங்கி ஏற வேண்டும். எங்கள் வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“கொளஞ்சிக்கா, தனியா போனா நா எங்கனா காணாம பூடுவேன். நீ கூட வந்தாதான் ஏறுவேன். ஒனக்குப் புண்ணியமா போவும்.”

“அழுவாதடி. நா வரேன்” என்றாள் அம்மா.

தம்பி போனில் கத்தினான். “அம்மா, ஒன் முட்டி தாங்காதும்மா!”

“தொணைக்கு ஆளு இருந்தா எல்லாம் தாங்கும்டா. மாத்து.”

எங்கள் பக்கத்தில் வயசான பொம்பிளையைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டார்கள். துணைதான் முதலில், சீட்டெல்லாம் அப்புறம். தம்பி முனகிக்கொண்டே மாற்றினான்.

செப்டம்பரில் எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். அது ஆரம்பிப்பதற்கு முன்பே ராணியம்மாள் மூட்டையைக் கட்டினாள். “மெட்ராஸ்ல தங்கச்சி வூட்ல இருக்கேங்க்கா. ஏர்போர்ட்டு வாசல்ல நிக்கறேன், நீ வந்துடு” என்றாள். எங்களுக்கு மெட்ராஸில் போய் இறங்க ஒரு வீடு கிடையாது என்று அவளுக்குத் தெரியும். நீயும் வா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கு உறுத்தவே இல்லை.

நாங்கள் கிளம்பிய அன்று ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மறியலில் உட்கார்ந்திருந்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். என் மாமன் மகன் ராசு எழுந்து வந்தான்.

“இன்னாத்தே, இந்தக் கால வச்சிகினு அமெரிக்காவா?”

“நீங்க போராடுங்கடா, நா வேணான்னா சொன்னேன்? எனக்குக் கொஞ்சம் வழி வுடுங்க.”

சிரித்துக்கொண்டே அவளைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி மரங்களைத் தாண்டி விட்டார்கள். அப்புறம் மாட்டு வண்டியில் கொல்லை, வயல் வழியாகவே சின்னசேலம் போனோம். நல்ல வேளை, ரயில் ஓடியது. மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் முட்டி வீங்கிவிட்டது.

ஏர்போர்ட் வாசலில் ராணியம்மாள் இல்லை. அம்மா உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். “பாவம், எங்க மாட்டிகினாளோ. தங்கச்சி வூடு எங்கன்னு கேக்காம வுட்டேனே” என்று அவளுக்காகக் கண் கலங்கினாள். கடைசியில் விமானக் கம்பெனி ஆள் வந்து விரட்டினார். “ராணி வந்தா பம்பாய்ல நிக்கறேன்னு சொல்லுடி ஜெயசுதா” என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். அந்தப் பாவிக்காக நான் பொழுது சாயும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

மீதி அம்மா சொல்லித்தான் தெரியும். பம்பாயில் புடவை கட்டின ஒவ்வொரு பொம்பிளை முகத்திலும் ராணியம்மாளைத் தேடினாளாம். லண்டனில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். லாஸ் ஏஞ்சல்ஸில் வெளியே வந்தால், தம்பியும் அரங்கநாதனும் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், மடிப்புக் கலையாத புடவையில், ராணியம்மாள்.

“வந்துட்டியாக்கா? இன்னாக்கா, காலு இப்டி வீங்கிகினு கெடக்குது?”

மெட்ராஸில் போய் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, அவள் சிங்கப்பூர் வழியாக முன்னமே வந்துவிட்டிருந்தாள். அம்மா விட்டுக்கொடுத்த அதே சீட்டு. அதே ரூம். என் தம்பி சொல்லி வைத்த அதே தமிழ்க்காரர்.

“நீதாம்மா மனசார அவங்களுக்கு வுட்டுக் குடுத்துட்டன்னு சொன்னாங்க” என்றான் தம்பி, திருதிருவென்று விழித்துக்கொண்டு.

ராணியம்மாள் தலையைக் குனிந்தாள். “ஒரே ஒரு சீட்டுதான் இருந்துச்சிக்கா. சொன்னா நீ திருப்பிக் கேட்டுடுவியோன்னு பயந்துட்டேன்.”

ஆற்றைக் கடக்கிறவரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இவள் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே கையை உதறிவிட்டாளே! நானாக இருந்தால் அங்கேயே குடுமியைப் பிடித்திருப்பேன். மூன்று தெருவுக்குக் கேட்கத் திட்டுகிற என் அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி காரைப் பார்த்து நடந்தாள். காரில் ஏறி, “மருமவ எப்டி இருக்குது?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். ராணியம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தபோதெல்லாம் அம்மா, “வாங்க, ஒக்காருங்க, காப்பி சாப்புடுங்க” என்றாள். அந்த ‘வாங்க’வைக் கேட்டு ராணியம்மாள் ஒருநாள் சமையல்கட்டில் நின்று அழுதாளாம். அம்மா காப்பியை ஆற்றிக் கொடுத்தாளே தவிர, ‘வாடி’ என்று சொல்லவில்லை.

ஊர் திரும்புகிற நேரம் வந்தது. தம்பி இந்த முறை சிங்கப்பூர் வழியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் சீட்டு பார்த்து வைத்தான். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ராணி எதுல போறா?” சொன்னான். “அப்ப எனக்கு வந்த வழியிலயே போடு.”

மீனம்பாக்கத்தில் அவளை அழைத்துவரப் போனேன். இரண்டு காலும் தூணாக வீங்கியிருந்தன.

“ஒனக்கு இன்னா பைத்தியமாம்மா? துரோகம் பண்ணவ அவ. நீ எதுக்கு மறுபடியும் கஷ்டப்பட்டுகினு வந்த?”

அம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக நடந்தாள்.

“பக்கத்துல ஒக்காந்தா பேசிடுவேன்டி. அவ அழுவா. எனக்கு மனசு எறங்கிடும்” என்றாள். “எறங்கக் கூடாது.”